நாலாவது போல்ட்

கை கழுவப் போன ரேடியோவுக்குக் குழாயைத் திறக்க முடியவில்லை.

ஒரு கையால் திருப்பிப் பார்த்தான். இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தான். ஒரு காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்துத் திருப்பினான். குழாய் அசையவில்லை. அவன் சட்டையின் அக்குள் தையல்தான் விட்டுக்கொடுத்தது.

"அக்கா, இது குழாயா, இல்ல சுவத்துல வரைஞ்ச படமா?" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த சர்வேயரம்மா வாயில் விரலை வைத்து அடக்கினார். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டவர். அதை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நொறுங்கின வண்டி பொய் சொல்லாது, பக்கத்தில் நிற்கிறவன்தான் சொல்வான் என்பது அவர் கட்சி. ரேடியோ அவருக்கு உதவியாள். வாய் மூடாத காரணத்தால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே பாதி மறந்து போயிருந்தது.

வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து ஒரு முழ நீள இரும்புக் குழலோடு வந்தார். லாரிகளில் சரக்கை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டுவதுதான் அவர் வாழ்நாள் வேலை. ஊரே அவரைக் கட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது.

"அது வெறுங்கைக்கு வராது தம்பி. இத மாட்டித் திருப்புங்க."

குழாயின் பிடியில் குழலை மாட்டி இழுத்ததும் கிறீச்சென்று தண்ணீர் வந்தது. குழலின் ஒரு வாய் நசுங்கி, நீள்வட்டமாகப் போயிருந்ததை ரேடியோ பார்த்தான். பார்த்ததோடு சரி. கை கழுவி முடித்ததும் கட்டுக்காரரே வந்து குழாயை மூடினார். மூடிய பிறகும் குழலை மாட்டி ஒரு முறுக்கு முறுக்கினார்.

"அப்பா மூடினா அப்பாதான் தொறக்கணும்னு எம்பொண்ணு கிண்டல் பண்ணுவா," என்றார். அதற்கு மேல் அவரால் அந்தப் பேச்சில் நிற்க முடியவில்லை. கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

போன வாரம் அவருடைய ஒரே பெண் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகும்போது, பாலத்து இறக்கத்தில் முன்சக்கரம் பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. கார் தடுப்புச் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரியில் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது.

"நடந்தத இன்னொரு தடவ சொல்லுங்க ஐயா," என்றார் சர்வேயரம்மா.

"முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் இங்க வந்திருந்தாங்க. வாசல்ல நிக்கும்போது டயர் பஞ்சர். மாப்பிள்ளைதான் ஸ்டெப்னி மாட்டினான். நாலு போல்ட்டையும் ஏதோ பவுடர் டப்பா மூடி மாதிரி லேசா திருகிட்டு எந்திரிச்சுட்டான். எனக்கு மனசு கேக்கல. விடிஞ்சா எம்பொண்ணு அந்த வண்டியில போறவ. என் ஸ்பேனர எடுத்துட்டு வந்து நானே திரும்ப முறுக்கினேன். அதுக்கு அவன் தெருவே கேக்க, 'போதும் மாமா, விடுங்க'ன்னு கத்தினான். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். தன் பொண்டாட்டி வண்டிச் சக்கரம் கெட்டியா இருக்கக் கூடாதுன்னு ஒருத்தன் எதுக்கும்மா கத்தணும்?"

சர்வேயரம்மா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"விடியக் காலையில அவன் கையில ஸ்பேனரோட அந்தச் சக்கரத்துகிட்ட குனிஞ்சு உக்காந்திருந்தத அவங்க எதிர்வீட்டுக்காரங்க பாத்திருக்காங்க. நான் கட்டின கட்டு எந்த வழியிலயும் அவுந்ததில்ல. நான் முறுக்கினது தானா கழலாது. அவன்தான் கழட்டியிருக்கான். போலீஸ் அவனப் பிடிச்சு வெச்சிருக்கு, ஆனா ஆதாரம் பத்தலைங்கறாங்க." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆதாரத்த எடுத்துக் கொடுங்க. என்ன தெரிஞ்சாலும் முதல்ல எங்கிட்ட வந்து சொல்லணும். எம்முகத்தப் பாத்துச் சொல்லணும். மூடி மறைக்கக் கூடாது."

"சொல்றேன் ஐயா," என்றார் சர்வேயரம்மா.

வாக்கு கொடுப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது அப்போது!

காவல் நிலையத்தின் பின்பக்கம், விபத்தான வண்டிகளைத் தள்ளிவைக்கும் கொட்டகை. ஹேண்டில் இல்லாத பைக்குகள், கதவு இல்லாத வேன்கள். ஓரத்தில் அந்தச் சின்ன நீலக் கார், முன்பக்கம் முகம் வீங்கியதுபோல நின்றது. இடது முன்சக்கரம் தலையைச் சாய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு கதையைச் சொன்னார். "கணக்கு சரியாத்தாங்க இருக்கு. மூணு போல்ட்டக் கழட்டி எறிஞ்சுட்டான். நாலாவதக் கழட்டப் போயிருக்கான், வரல. முரட்டுத்தனமா திருப்பினதுல தலை மழுங்கிப் போச்சு. அதோட விட்டுட்டான். தலைய நீங்களே பாருங்களேன், கூழாங்கல் மாதிரி இருக்கு. அந்தப் போல்ட் வராம சக்கரத்த எடுக்க முடியாது. நாளைக்கு ஆள் வந்து அறுத்து எடுப்பாரு."

"அவர் என்ன சொல்றாரு?"

"அதான் வேடிக்கையே. கழட்டினியான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான். தப்பு பண்ணாதவன்னா இந்நேரம் கத்திக் கூரையப் பிச்சிருப்பான்."

சர்வேயரம்மா தன்னோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தார். தொப்பை முன்னால் வர, கருவிப் பெட்டி பின்னால் வர, முகத்தில் எப்போதும் கடன் கேட்டவனைப் பார்த்த எரிச்சலோடு இருக்கும் மனிதர். சக்கரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போல்ட் தலையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கும்மா. ஒரு அளவு சின்ன சாக்கெட்ட தலை மேல வெச்சு, சுத்தியலால அடிச்சு ஏத்தினா கவ்விக்கும். கவ்வலேன்னா தலை மேல ஒரு நட்ட வெல்டிங் பண்ணி ஒட்டி, அந்த நட்டப் பிடிச்சுத் திருப்பலாம். அந்தச் சூட்டுலயே பாதி இளகிடும். எதுக்கும் மசியலேன்னா நடுவுல துளை போட வேண்டியதுதான்."

"அண்ணே, ஆஸ்பத்திரியில பல் டாக்டரா இருந்தீங்களா முன்னாடி?" என்றான் ரேடியோ.

"உன் வாய்க்குக்கூட வெல்டிங் வைப்பேன். காசு வேணாம்."

"மூணுமே வேண்டாம்," என்றார் சர்வேயரம்மா. "அடிச்சாலும், ஒட்டினாலும், துளைச்சாலும் தலை போயிடும். இங்க இருக்கற ஒரே சாட்சி அந்தத் தலைதான். எண்ணெய் மட்டும் விடுங்க. ரேடியோ, இங்க வா. கட்டைவிரல அது மேல வெச்சு ஒரு சுத்து தடவு."

தடவினான். வழவழவென்று ஓடியது.

"இப்ப எதிர்ப்பக்கமா தடவு."

தடவினான். விரல் தடுக்கியது. ஒவ்வொரு முனையிலும் ஒரு கூர்மை தட்டுப்பட்டது. "என்னக்கா இது? ஒரு பக்கம் சவரம் பண்ணின கன்னம், இன்னொரு பக்கம் ரெண்டு நாள் தாடி!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. ரேடியோவை நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சர்வேயரம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்பேனரைப் போட்டு யாராவது கழட்டிப் பாத்தாங்களா சார்?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

"எதுக்குப் பாக்கணும்? தலை தேஞ்சிருக்கறது கண்ணுக்கே தெரியுதே. வழுக்கும்."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்கோம்," என்று முணுமுணுத்த மெக்கானிக், பெட்டியைத் துழாவி ஆறு முனையும் கச்சிதமாக உட்காரும் சாக்கெட் ஒன்றை எடுத்தார். சுத்தியல் இல்லாமல், உள்ளங்கையால் தட்டித் தலைமேல் பொருத்தினார். நீளமான கம்பியை மாட்டினார். கழற்றுகிற பக்கமாக இழுத்தார்.

வழுக்கவில்லை. கவ்விக்கொண்டது.

அவர் எழுந்து நின்று முழு உடம்பையும் சாய்த்தார். தொப்பை அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. போல்ட் ஒரு தடவை வீறிட்டது. அப்புறம் மெல்ல மெல்லச் சுழன்று வெளியே வந்தது. சக்கரம் தொப்பென்று மண்ணில் விழுந்தது.

"அட, மழுங்கின போல்ட்டு சமத்தா வந்துடுச்சே!" என்று ரேடியோ கை தட்டினான்.

"மழுங்கினதுதான். ஆனா கழட்டுற பக்கம் மழுங்கல," என்றார் சர்வேயரம்மா. "கழட்டப் போய் ஸ்பேனர் வழுக்கியிருந்தா, கழட்டுற பக்கத்து முனைதான் தேஞ்சிருக்கும். இதுல அந்தப் பக்கம் புதுசா இருக்கு. தேஞ்சது மறுபக்கம். முறுக்குற பக்கம்."

சக்கரம் விழுந்த இடத்தில் இப்போது அச்சு திறந்து கிடந்தது. மற்ற மூன்று துளைகளும் காலியாக இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போல்ட்டின் பாதி, பல் உடைந்து வேர் மட்டும் ஈறில் நிற்பதுபோல, நின்றது.

"யாரும் கழட்டல சார்," என்றார் மெக்கானிக். "மூணும் அறுந்திருக்கு."

அவர் பின்சக்கரத்திலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி, இப்போது வந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையில் வைத்தார். ஒரே கடையில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முன்சக்கரத்து போல்ட் மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். அதன் கழுத்து மெலிந்து, இழுத்த மிட்டாய்போல இருந்தது.

"தாங்கற அளவுக்கு மேல முறுக்கினா இரும்பும் நீளும். நீண்டப்புறம் அது செத்த இரும்பு. ரோட்டுல நாலு குலுக்கு போதும், ஒவ்வொண்ணா விட்டுடும். வெறுங்கையால இவ்வளவு முறுக்க முடியாதும்மா. ஸ்பேனருக்குப் பின்னாடி ஒரு குழல மாட்டி, அது மேல ஏறி நின்னுருக்காங்க."

"அப்போ மாப்பிள்ளை தப்பிச்சாரு!" ரேடியோ துள்ளினான். "அக்கா, கேஸ் முடிஞ்சுது! யாரும் கழட்டல, கொலையே இல்ல, யாரோ ஒரு மடையன் முறுக்கித் தொலைச்..."

நின்றுவிட்டான்.

நசுங்கிய வாயோடு ஒரு இரும்புக் குழல் அவன் கண்முன் வந்தது. அது தன் கையிலேயே இருந்ததும், அதை வைத்துக் குழாயைத் திறந்ததும் ஞாபகம் வந்தது. சர்வேயரம்மா இன்ஸ்பெக்டரிடம் கேட்டுவிட்டு, போல்ட் இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கைக்குட்டையைப் பிரித்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் காட்டியதும் முகத்தை மூடிக்கொண்டார்.

"கழட்டிட்டீங்களா அத!"

"உங்களுக்கு முதல்லயே தெரியும், இல்லையா?" என்றார் சர்வேயரம்மா.

"கடைசி முறுக்குல போல்ட்டு ஒரு சத்தம் கொடுத்துச்சும்மா. வண்டி ஓட்டறவனுக்குத் தெரியாதா? அதனாலதான் போதும் மாமான்னு கத்தினேன். காலையில அவ கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தளர்த்தி ஒழுங்கா மாட்டலாம்னு உக்காந்தேன். என் ஸ்பேனருக்கு ஒண்ணும் அசையல. அவ வந்து, 'எங்கப்பா மூடினா அப்பாதான் தொறக்கணும், விடுங்க, நேரமாச்சு'ன்னு சிரிச்சா. நானும் விட்டுட்டேன். அவர் முறுக்கினாரு, சரி. தெரிஞ்சும் அனுப்பினது நானு."

"இத ஏன் போலீஸ்ல சொல்லல?"

அவர் எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஆஸ்பத்திரியில அவளுக்கு நினைவு இருந்துச்சு. 'அப்பா முறுக்கின சக்கரம்தான் போயிடுச்சுங்க. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அவர் தாங்க மாட்டாரு'ன்னா. அவ எங்கிட்ட கடைசியா கேட்டது அதுதான். நான் அவரக் காட்டிக் கொடுத்துட்டு வெளிய வந்து என்ன பண்ணப் போறேன்? வீட்டுல அவர் இறுக்கி மூடிக் கொடுத்துவிட்ட தேன் பாட்டில் இன்னும் தொறக்காம இருக்கு. அத யார் தொறப்பா?"

கம்பியைப் பிடித்துக்கொண்டார். "போல்ட்டு மட்டமான இரும்புன்னு சொல்லிடுங்கம்மா. கடைக்காரன் மேல போகட்டும். உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

திரும்பி வரும் வழியில் ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்னலில் நின்றபோது சர்வேயரம்மாதான் கேட்டார்.

"என்னடா, பேட்டரி தீந்துடுச்சா?"

"அக்கா, நாம மட்டமான இரும்புன்னே சொல்லிடலாமா?"

"இன்ஸ்பெக்டர்கிட்ட உள்ளதச் சொல்லியாச்சு. மாப்பிள்ளைய விட்டுடுவாங்க. ஆனா கட்டுக்காரர்கிட்ட..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

கட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கெடச்சுதா ஆதாரம்?"

சர்வேயரம்மா வாயைத் திறந்தார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கெட்ட சேதி சொன்னவர்.

ரேடியோதான் முந்திக்கொண்டான். "மாப்பிள்ளை ஒண்ணும் பண்ணலைங்கய்யா. போல்ட்டு சரியில்ல. மட்டமான இரும்பு. ஏதோ களிமண்ல செஞ்சவன் மாதிரி செஞ்சிருக்கான் பாவி. தானா அறுந்துடுச்சு. யார் மேலயும் தப்பில்ல." இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த எந்தப் பேச்சும் இவ்வளவு கனமாக இருந்ததில்லை. சிரிக்கக்கூட முயன்றான்.

கட்டுக்காரர் அவனையே பார்த்தார். "காட்டுங்க."

"எதுக்குங்கய்யா அதப் போயி..."

"காட்டுங்க தம்பி."

சர்வேயரம்மா கைக்குட்டையை மேஜைமேல் வைத்தார். கட்டுக்காரரே அதைப் பிரித்தார். போல்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்றின் தலையை மற்றதன் தலையோடு விரலால் ஒப்பிட்டார்.

"ரெண்டும் ஒரே போல்ட்டுதானே? இது ஏன் நீண்டிருக்கு?"

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கட்டுக்காரர் அந்தப் போல்ட்டின் மெலிந்த கழுத்தைத் தடவிப் பார்த்தார். கயிற்றைப் பார்க்கிற விரல்கள் அவை. வாழ்நாள் முழுக்க, எந்தக் கயிறு தாங்கும், எந்தக் கயிறு தாங்காது என்று தடவியே சொன்ன விரல்கள்.

"கயிறு இப்படித்தான் ஆகும்," என்றார். தனக்குத்தானே பேசுவதுபோல இருந்தது. "ரொம்ப இழுத்துட்டா நடுவுல மெலியும். மெலிஞ்ச கயித்த நான் லாரியில ஏத்த விடமாட்டேன். கத்தியால வெட்டி எறிஞ்சிடுவேன். அறுந்துடும்னு தெரியும். அறுந்து போறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கொடுக்கும்." அவர் நிறுத்தினார். "இதுவும் கொடுத்துச்சு. போல்ட்டு நல்லா பிடிச்சுடுச்சுன்னு நான் நெனச்சேன். இரும்பு கயிறு மாதிரி இல்ல, முறுக்க முறுக்க கெட்டிதான்னு நெனச்சேன்."

"ஐயா..." என்றார் சர்வேயரம்மா.

"மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பேசாம உக்காந்திருக்கானா?"

சர்வேயரம்மா ஆமென்று தலையை மட்டும் அசைத்தார். மகள் கடைசியாகக் கேட்டதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. பெற்றவருக்கு அது யாருடைய ஏற்பாடு என்று தெரிந்துவிட்டது; முகம் அப்படியே சரிந்தது. அழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்தார், பிடித்த வேகத்தில் மேஜை கிறீச்சிட்டது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். கை தனக்குச் சொந்தமானதல்ல என்பதுபோல அதைப் பார்த்தார்.

"அவனப் போயி கூட்டிட்டு வரணும்," என்றார். "எத்தன நாளா சாப்பிடாம இருக்கானோ என்னமோ."

ஆணியில் கிடந்த சட்டையை மாட்டினார். முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். இரும்புக் குழலைக் கையில் எடுத்தவர், அதை மாட்டித் திறந்துவிட்டு, மூலையில் வீசினார். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார். எது தண்ணீர், எது வேறு என்று ரேடியோ பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூடும்போது இரண்டே விரலால் பிடியைத் தொட்டார். பச்சைப் பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதுபோல மெல்லத் திருப்பினார். தண்ணீர் நூலாக மெலிந்தது. பிறகு சொட்டாக விழுந்தது. விரல்கள் அங்கேயே நின்றன, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல்.

"இவ்ளோ போதுமா தம்பி?" என்று கேட்டார்.

ரேடியோவிடம் எத்தனையோ பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும்.

"போதுங்கய்யா," என்றான்.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். கதவைச் சும்மா சாத்தினார்கள். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.